2.10 பெரியதா, 2.8 பெரியதா?

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் புலி. ஆனால் போன மாதம் ஒரு புள்ளி அவனை ஏமாற்றிவிட்டது.

நாகர்கோவிலில் உள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு ஃபோன் போட்டு, பேட் சொல்லிவைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஹாரோ சைஸ் பேட் ஒண்ணு வேணும். ரொம்ப கனம் வேண்டாம்."

"வெயிட் என்ன போடட்டும் தம்பி? டூ எய்ட் இருக்கு, டூ டென் இருக்கு. டூ சிக்ஸ் வேணும்னா சொல்லித்தான் வரவழைக்கணும்."

பையன் நோட்டில் 2.8, 2.10, 2.6 என்று எழுதினான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டூ டென்னே குடுங்கண்ணே!" என்றான்.

"ஏன்லே அது?" என்று கேட்டேன்.

"2.10-ன்னா 2.1 தானே மாமா? கடைசிச் சைபருக்கு மதிப்பில்ல. மூணுலயும் இதுதான் கனம் குறைஞ்சது."

பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி அவன் சொன்னது சரி. பேட் கடைக் கணக்குப்படி, மூன்றில் மிகக் கனமானதை அவன் கேட்டுவிட்டான். நல்ல வேளையாக, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அப்பா, அதாவது அவனுடைய பாட்டா, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தார்.

"லேய் மக்கா, ஃபோனை வைக்காதே. நாளைக்குச் சொல்லுகேன்னு சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையே ஒரு சோதனைக்கூடம் ஆனது.

புள்ளியா, சுவரா?

கிரிக்கெட் பிறந்தது இங்கிலாந்தில். அந்த நாட்டு எடைகள் பவுண்டும் அவுன்ஸும். இந்தியாவில் பேட் செய்யும் மீரட்டிலும் ஜலந்தரிலும் காஷ்மீரிலும்கூட, பேட்டின் எடையை இன்றுவரை பவுண்டு, அவுன்ஸிலேயே சொல்கிறார்கள். 16 அவுன்ஸ் சேர்ந்தால் 1 பவுண்டு. ஒரு பவுண்டு சுமார் 453.6 கிராம், ஓர் அவுன்ஸ் 28.35 கிராம்.

கடைக்காரர் சொன்ன 'டூ எய்ட்' என்பது 2 பவுண்டு 8 அவுன்ஸ். 'டூ டென்' என்பது 2 பவுண்டு 10 அவுன்ஸ். சீட்டில் எழுதும்போது சுருக்கமாக 2.8 என்றும் 2.10 என்றும் எழுதுகிறார்கள். நடுவில் இருப்பது தசமப் புள்ளி அல்ல. இடப்பக்க அறையில் பவுண்டு, வலப்பக்க அறையில் அவுன்ஸ், நடுவே ஒரு சுவர். அவ்வளவுதான்.

கிராமுக்கு மாற்றிப் பார்ப்போம்.

2 பவுண்டு 1 அவுன்ஸ்: 936 கிராம்.
2 பவுண்டு 6 அவுன்ஸ்: 1077 கிராம்.
2 பவுண்டு 8 அவுன்ஸ்: 1134 கிராம்.
2 பவுண்டு 10 அவுன்ஸ்: 1191 கிராம்.

2.10 என்பதை 2.1, அதாவது 2 பவுண்டு 1 அவுன்ஸ், என்று நினைத்தால் 255 கிராம் பிசகு. ஒரு கிரிக்கெட் பந்தின் எடையே 155.9 முதல் 163 கிராம் வரைதான். ஒன்றரைப் பந்தின் எடையைக் கூடுதலாகத் தூக்கியிருப்பான் பையன்!

"இது என்ன அநியாயம் மாமா? புள்ளின்னா புள்ளிதானே!" என்று அவனுக்குக் கோபம்.

"நீ தினமும் டிவியில் பார்க்கிற புள்ளிதான்" என்றேன். கிரிக்கெட் ஸ்கோரில் 19.3 ஓவர் என்று வருகிறதே, அது என்ன? 19 ஓவரும் 3 பந்தும். ஓவருக்கு ஆறு பந்து. ஆகவே அது பத்தொன்பதரை ஓவர். 19.3 ஓவரில் 117 ரன் எடுத்தால் ரன் ரேட் எவ்வளவு? 117-ஐ 19.3-ஆல் வகுத்தால் 6.06 வரும்; அது தப்பு. 19.5-ஆல் வகுத்தால் சரியாக 6 வரும். 9.5-க்கு அடுத்த பந்தில் 9.6 என்று வராமல் 10 என்று மாறுவதும் இதனால்தான்.

உயரத்தை 5.10 என்று எழுதுகிறவர்கள் 5 அடி 10 அங்குலத்தைத்தான் சொல்கிறார்கள். அங்கே பன்னிரண்டு சேர்ந்தால் ஒன்று. ஓவரில் ஆறு சேர்ந்தால் ஒன்று. பேட்டில் பதினாறு சேர்ந்தால் ஒன்று. பார்க்க ஒரே மாதிரிப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் வேறு கணக்கு.

பாட்டாவின் வாய்பாடு

"இதுக்குப் போய் ஏன்லே தலையைப் பிய்க்கே? பவுண்டுன்னா நம்ம ராத்தல்தானே!" என்றார் பாட்டா.

வடசேரி சந்தைப் பக்கம் அவருடைய அப்பா கடை வைத்திருந்தார். பாட்டா சிறு பையனாகத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர். அப்போது நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு இணைந்தன. நாடு முழுவதற்கும் கிலோகிராம் முறையைக் கொண்டுவரும் சட்டமும் அதே 1956-இல் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ எடைக்கற்கள் படிப்படியாகக் கடைகளில் ஏறின. அதுவரை ராத்தல்தான்.

ராத்தல் என்பது கப்பலேறி வந்த சொல். அரபியில் 'ரத்ல்'. போர்ச்சுக்கீசியர் வாயில் 'அர்ராத்தெல்'. நம் கடற்கரையில் ராத்தல். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டிக் கடையில் 'ஒரு இறாத்தல் பாண்' என்று கேட்பார்கள். அதன் எடை 450 கிராம், கிட்டத்தட்ட ஒரு பவுண்டு.

"ராத்தல் சரி பாட்டா. அவுன்ஸ்?"

"அது வீசம், கேட்டியா!"

பாட்டா சொன்னதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதிலும் பாதி வீசம்; மாகாணி என்றும் சொல்வார்கள். ஒன்றைப் பதினாறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு வீசம். பவுண்டைப் பதினாறாகப் பங்கிட்டால் ஓர் அவுன்ஸ். ஆகவே, ஓர் அவுன்ஸ் என்பது ஒரு பவுண்டில் வீசம்!

வாய்பாடு இப்படி வரும்:

1 அவுன்ஸ்: வீசம்.
2 அவுன்ஸ்: அரைக்கால்.
4 அவுன்ஸ்: கால்.
8 அவுன்ஸ்: அரை.
12 அவுன்ஸ்: முக்கால்.

இப்போது 2.8 என்பது இரண்டரை ராத்தல். 2.10 என்பது இரண்டரையே அரைக்கால் ராத்தல். 2.6 என்பது இரண்டே காலே அரைக்கால் ராத்தல். இப்படி வாயால் சொன்னால் எது பெரியது என்ற குழப்பமே வராது. ஏனென்றால் இந்தச் சொற்களில் புள்ளி கிடையாது.

அந்தக் காலத்தில் ஏன் எல்லாமே பதினாறு? ரூபாய்க்கு 16 அணா. திருவிதாங்கூர் நாணயத்தில் ஒரு சக்கரத்துக்கு 16 காசு. காரணம் எளிது. பதினாறைப் பாதி, பாதி, பாதி, பாதி என்று நான்கு முறை சமமாகப் பிரிக்கலாம்; ஒவ்வொரு முறையும் முழு எண்ணே வரும். தராசில் நிறுக்கும் கடைக்காரருக்கு இது வசதி. இரண்டு தட்டிலும் சமமாகப் போட்டுப் பொருளைப் பாதியாக்கலாம். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கலாம். பத்தைப் பாதியாக்கினால் ஐந்து. ஐந்தைப் பாதியாக்கினால் இரண்டரை என்று உடனே உடைந்துவிடும்.

ஒரே அளவு பேட்டுக்கு ஏன் பல எடை?

"ஹாரோ சைஸ்னா எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். எடை மட்டும் ஏன் மாறுது?" என்றான் பையன்.

பேட் செய்வது வில்லோ என்னும் மரத்தில். அது நம்மூரில் வளராது. குளிர்ப் பிரதேசத்து மரம். காஷ்மீரில் அனந்தநாக் மாவட்டத்துப் பக்கம் சங்கம், ஹல்முல்லா போன்ற ஊர்களில் சாலையோரம் முழுக்க வில்லோத் துண்டுகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கிக் காய வைத்திருப்பார்கள். தேக்கு, பலா போல இந்த மரத்திலும் ஒரு துண்டு நெருக்கமாக இருக்கும். இன்னொன்று லேசாக இருக்கும். ஒரே மரத்தில்கூட இரண்டு துண்டு ஒரே எடையில் அமையாது. ஆகவே ஆசாரி முதலில் துண்டுகளை எடை போட்டுப் பார்க்கிறார். லேசான பேட் வேண்டும் என்றால் லேசான துண்டைத் தேடி எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முதுகுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழைத்து எடுக்க வேண்டும். ஓர் அவுன்ஸ் குறைக்கச் சுமார் மூன்று தீப்பெட்டி அளவு மரத்தை இழைக்க வேண்டியிருக்கும். கடை அண்ணன் 'டூ சிக்ஸ் சொல்லித்தான் வரவழைக்கணும்' என்றது இதனால்தான்.

கிரிக்கெட் விதிகள் பேட்டின் எடைக்கு எல்லை எதுவும் வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? நீளம் 96.52 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அகலம் 10.8 சென்டிமீட்டர். 2017 அக்டோபரிலிருந்து தடிமன் 6.7 சென்டிமீட்டர், ஓரம் 4 சென்டிமீட்டர் என்றும் வரம்பு வந்தது. அகல விதிக்குப் பின்னால் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1771-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஒயிட் என்ற ஆட்டக்காரர் ஸ்டம்பையே மறைக்கும் அகலத்தில் ஒரு பேட்டோடு வந்து நின்றார். பந்து எப்படி ஸ்டம்பில் படும்? அதற்குப் பிறகுதான் அகலத்துக்கு நாலேகால் அங்குலம் என்று கணக்கு வைத்தார்கள். 2025 ஐபிஎல்லில் நடுவர்கள் மைதானத்திலேயே ஒரு சட்டத்துக்குள் பேட்டை நுழைத்துப் பார்த்தார்களே, அதுவும் அளவைத்தான் சோதிக்கிறது. எடையை யாரும் கேட்பதில்லை.

அதனால் அவரவர் விருப்பம். டான் பிராட்மன் பிடித்தது 2 பவுண்டு 2 அவுன்ஸ் அளவிலான லேசான பேட். டெஸ்ட் சராசரி 99.94. சச்சின் டெண்டுல்கர் பிடித்தது 3 பவுண்டைத் தாண்டிய கனத்த பேட்; நூறு சர்வதேசச் சதங்கள். இருவர் கையிலும் இருந்த மட்டைகளுக்கு நடுவே ஒரு ராத்தலுக்குக் கிட்டே வித்தியாசம். அப்படியானால் எடை மட்டுமே ரன் எடுத்துத் தருவதில்லை.

எடை வேறு, கனம் வேறு

பாட்டா எழுந்து போய் மூலையில் இருந்த மம்பட்டியைக் கொண்டுவந்தார். "கணையைப் பிடிச்சு ஒரு கையால தூக்கு" என்றார். பையன் கணையின், அதாவது மரப்பிடியின், நுனியைப் பிடித்துத் தூக்கினான். இரும்புத் தலை கீழே இழுத்தது, மணிக்கட்டு வளைந்தது. "இப்ப தலைமாட்டைப் பிடிச்சுத் தூக்கு." இரும்பின் பக்கம் பிடித்தான். கணை சும்மா மேலே வந்தது.

"மம்பட்டி இளைச்சுப் போச்சாலே?" என்று கேட்டுப் பாட்டா சிரித்தார்.

இளைக்கவில்லை. எடை அப்படியே இருக்கிறது. மாறியது, கைக்கும் எடைக்கும் நடுவே உள்ள தூரம். உங்கள் பேட்டைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியைப் பிடித்துப் பாருங்கள். அதே பேட் விசிறி மாதிரி லேசாகிவிடும்.

தராசு சொல்வது எடை. மணிக்கட்டு சொல்வது கனம். எடை × தூரம் என்று பெருக்கினால் கிடைப்பதுதான் மணிக்கட்டுக்குத் தெரியும் கனம். அறிவியல் புத்தகத்தில் இதைத் திருப்புவிசை என்று படித்திருப்பீர்கள். பேட் கடைக்காரர்கள் இதையே 'பிக்கப்' என்கிறார்கள். "வெயிட் கூடத்தான், ஆனா பிக்கப் நல்லாருக்கும் தம்பி" என்று அவர்கள் சொன்னால் அது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல, இயற்பியல்.

இந்த இயற்பியலை வைத்தே நம்மூரில் ஒரு தராசு இருந்தது. பாட்டா மச்சிலிருந்து அதை இறக்கச் சொன்னார். பெயர் வெள்ளிக்கோல். ஒற்றைத் தட்டுத் தராசு. ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்த மரக்கோல். மெலிந்த முனையில் தட்டு தொங்கும். கோலை ஒரு கயிற்றில் மாட்டித் தூக்குவார்கள். எடைக்கற்கள் கிடையாது! தட்டில் பொருளை வைத்துவிட்டுக் கயிற்றை இங்கும் அங்கும் நகர்த்துவார்கள். கோல் எங்கே நேராக நிற்கிறதோ, அந்த இடத்தில் உள்ள கோடுதான் எடை. பொருள் கனக்கக் கனக்கக் கயிறு தட்டின் பக்கம் நகரும். தட்டின் பக்கம் எடை அதிகம், தூரம் குறைவு. தடித்த முனைப் பக்கம் தூரம் அதிகம். இரண்டு பக்கத்துப் பெருக்கலும் சமமாகும்போது கோல் நேராகும்.

பையன் வெள்ளிக்கோலையும் தன் பழைய பேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு முனை மெலிவு, ஒரு முனை தடிப்பு.

"மாமா, பேட்டே ஒரு வெள்ளிக்கோல்தானே!"

நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

சமையலறைத் தராசில் ஒரு சோதனை

கனத்தை எண்ணாக அளக்க முடியுமா? முடியும். வேண்டியது ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு, இரண்டு பென்சில், சில புத்தகங்கள், ஓர் அளவுநாடா.

தராசின் மேல் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, எண்ணைச் சைபர் ஆக்குங்கள். தராசின் உயரத்துக்கே புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் இன்னொரு பென்சிலை வையுங்கள். பேட்டின் கைப்பிடி நுனி புத்தகத்துப் பென்சில் மேலும், அடிநுனி தராசுப் பென்சில் மேலும் இருக்கும்படி பேட்டைப் படுக்க வையுங்கள். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டை முன்பின்னாகத் திருப்பி, கைப்பிடி நுனியைத் தராசில் வைத்துக் குறியுங்கள். இரண்டையும் கூட்டினால் பேட்டின் முழு எடை.

பையனின் பழைய பேட்டுக்கு அடிநுனியில் 680 கிராம், கைப்பிடி நுனியில் 454 கிராம். கூட்டினால் 1134, சரியாக இரண்டரை ராத்தல். இரண்டு பென்சிலுக்கும் நடுவே 85 சென்டிமீட்டர். 680-ஐ 1134-ஆல் வகுத்து 85-ஆல் பெருக்கினால் 51. கைப்பிடி நுனியிலிருந்து 51 சென்டிமீட்டரில் பேட்டின் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஒரு விரலை அங்கே கொடுத்துத் தூக்கினோம். பேட் தூண்டில் கம்பு போலக் கொஞ்சம் ஆடிவிட்டு நேராக நின்றது!

அடுத்த வீட்டுப் பையனின் பேட்டையும் வாங்கி அதே மாதிரி நிறுத்தோம். மொத்தம் 1162 கிராம். இவன் பேட்டைவிட ஓர் அவுன்ஸ் கூடுதல். ஆனால் அடிநுனியில் 668 கிராம்தான். கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றிப் பையன் கையில் கொடுத்தோம். எடை கூடிய பேட்டையே 'இதுதான் லேசு' என்றான். மணிக்கட்டு பொய் சொல்லவில்லை. அந்த பேட்டில் மரம் கைப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது.

ஆக, அடிநுனித் தராசு காட்டும் எண்ணே உங்கள் கனமானி. ஒரே நீளமுள்ள இரண்டு பேட்டில் எது கையில் லேசாக இருக்கும் என்பதை, மொத்த எடையைவிட இந்த எண்ணே நன்றாகச் சொல்லும்.

வீசும்போது இன்னும் ஒரு படி

பேட்டை வெறுமனே தூக்கிக்கொண்டு நிற்பதில்லையே, வீசுகிறோம். அங்கே தூரத்தின் ஆட்டம் இன்னும் பெரிது.

ஒரு மீட்டர் கழியில் கைக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சாவிக்கொத்தைக் கட்டி, இடவலமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். பிறகு அதே கொத்தை 80 சென்டிமீட்டரில் கட்டி ஆட்டுங்கள். தூரம் இரண்டு மடங்குதான். ஆனால் சாவிக்கொத்து கொடுக்கும் எதிர்ப்பு நான்கு மடங்கு! ஏன்? தூரத்தில் இருக்கும் கொத்து அதே நேரத்தில் இரண்டு மடங்கு பாதையை ஓடியாக வேண்டும். அது ஒரு இரண்டு. கையிலிருந்து நெம்பும் தூரமும் இரண்டு மடங்கு. அது இன்னொரு இரண்டு. இரண்டையும் பெருக்கினால் நான்கு.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸ் வரையுள்ள 17.7 மீட்டரை அரை நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவு செய்து, பேட்டையும் வீசியாக வேண்டும். கனத்த பேட் பட்டால் பந்து பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட வேண்டுமே! கையை மீறிய கனம் என்றால், பந்து போன பிறகு பேட் வந்து சேரும்.

நீர் குடிக்கும் மரம்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ரப்பர் பாலை விற்கும்போது பாலின் மொத்த எடைக்குக் காசு தரமாட்டார்கள். அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டே விலை. ஏனென்றால் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். தோவாளைப் பூச்சந்தையிலும் நனைந்த பூவுக்கும் உலர்ந்த பூவுக்கும் எடை வேறு என்பது பூக்காரர்களுக்குத் தெரியும்.

பேட்டும் அப்படித்தான். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே எட்டிப்பார்க்கும் மாவட்டம் நம்முடையது, பக்கத்திலேயே கடல். 1134 கிராம் பேட் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் குடித்தாலே 22 கிராமுக்கு மேல் கூடிவிடும், முக்கால் அவுன்ஸ்!

அதிலும் மோசம், நனைந்த தரையில் பேட்டை ஊன்றி நிற்பது. மரத்தின் அடிநுனியில் நார்கள் வாயைத் திறந்தபடி இருக்கும், தண்ணீரை உறிஞ்சிவிடும். எடை ஏறுவது கைக்கு மிகத் தூரமான இடத்தில். அடிநுனியில் ஏறிய ஓர் அவுன்ஸ், பேட்டின் நடுமையத்தில் ஒன்றரை அவுன்ஸுக்கு மேல் ஏறியது போலக் கனக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 28 × 85-ஐ 51-ஆல் வகுத்தால் 47 கிராம் வரும்.

நானும் சின்ன வயதில் இதைப் படித்தவன்தான். புத்தகத்தில் அல்ல, தென்னை மட்டையில். எங்கள் முதல் பேட் அதுதான். மெலிந்த பக்கம் கைப்பிடி, அகன்ற அடிமட்டை பந்தை அடிக்க. விழுந்த அன்றே பச்சையாக எடுத்து ஆடினால் தோள் கழன்றுவிடும். அதே மட்டை ஒரு மாத வெயிலில் காய்ந்தால் தூள் பறக்கும். 'மட்டை' என்ற பெயர் கிரிக்கெட் பேட்டுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. பழைய ரப்பர் கிரிப்புக்கு மேல் இன்னொரு கிரிப் போட்டால் தராசில் எடை ஓரிரு அவுன்ஸ் கூடும். கையில் கனம் கூடியதாகத் தெரியவே தெரியாது. ஏனென்றால் கூடிய எடை உட்கார்ந்திருப்பது உங்கள் கைக்குள்ளேயே. தூரம் கிட்டத்தட்ட சைபர். சைபரோடு எதைப் பெருக்கினால் என்ன?

மறுநாள் ஃபோன்

மறுநாள் பையன் கடைக்கு மறுபடி ஃபோன் போட்டான். இந்த முறை கையில் சீட்டு இருந்தது.

"அண்ணே, 2 பவுண்டு 6 அவுன்ஸ் வேணும். கிராம்ல 1077. அது கிரிப் போடாம நிறுத்த எடையா, கிரிப்போட நிறுத்ததா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. "கிரிப் போடாம உள்ளது தம்பி. யாரு உனக்குச் சொல்லித் தந்தது?"

"பாட்டா. அவரு இரண்டே காலே அரைக்கால் ராத்தல்னு சொல்லச் சொன்னாரு."

மூன்று வாரத்தில் பேட் வந்தது. பையன் உறையைப் பிரித்ததும் நேரே சமையலறைக்குத்தான் ஓடினான். தராசு 1120 காட்டியது. சொன்னதைவிட 43 கிராம் அதிகம். "என்னலே, ஏமாத்திட்டானுவளா?" என்றேன், வேண்டுமென்றே.

"இல்ல மாமா. அது கிரிப். எங்கே இருக்குன்னு பாருங்க, என் கைக்குள்ளதானே" என்றான்.

பிறகு அடிநுனியைத் தராசில் வைத்தான். வந்த எண்ணைத் தேதியோடு பேட்டின் முதுகில் பென்சிலால் எழுதினான். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்ப்பானாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 'வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பேட்டின் எடை இரண்டே முக்காலே மூணு வீசம் ராத்தல் என்றால், கடைக்காரர் அதைச் சீட்டில் எப்படி எழுதுவார்? விடை கண்டுபிடித்த பிறகு, வேலை முழுதும் முடிய இன்னும் எத்தனை அவுன்ஸ் பாக்கி என்றும் சொல்லுங்கள்.